கரண்ட் பில் திடீரென்று ஏறினால்: கேள்வி பதில்

கேள்வி (திருப்பூர்): சார், எப்பவும் ரெண்டு மாசத்துக்கு 340 யூனிட் வரும். இந்தத் தடவை 530. புதுசா எதுவும் வாங்கல. எங்கிருந்து ஆரம்பிக்கறது?

ரீடிங் எடுத்த தேதிகளிலிருந்து ஆரம்பியுங்கள். 60 நாளில் 340 என்றால் நாளுக்கு 5.7 யூனிட். 530 யூனிட் 72 நாளுக்கு உரியது என்றால் 7.4. போன தடவை வீடு பூட்டியிருந்து சராசரிக் கணக்குப் போட்டிருந்தால், விட்டுப்போன யூனிட்டெல்லாம் இந்த முறை சேர்ந்து வந்திருக்கும். ரூபாயை வைத்து ஒப்பிடாதீர்கள். 500 யூனிட்டைத் தாண்டியதும் வேறு விகிதப் பட்டியலுக்குப் போய்விடுவதால், யூனிட் ஏறியதைவிடத் தொகை அதிகமாக ஏறும். நாள் சராசரியும் ஏறியிருக்கிறது என்றால்தான் வீட்டுக்குள் தேட வேண்டும்.

கேள்வி (அதே வாசகர்): நாள் சராசரியும் 8.8 வருது சார். அடுத்து?

மீட்டரில் விட்டுவிட்டு மினுக்கும் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 3200 அல்லது 1600. 3200 என்றால், 1125ஐ இரண்டு மினுக்குகளுக்கு இடையிலுள்ள வினாடிகளால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 1600 என்றால் 2250ஐ வகுக்க வேண்டும்.

இரவில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது, சுவிட்சிலேயே அணைக்க வேண்டும். 3200 மீட்டரில் அதன் பிறகும் 9 வினாடிக்கு ஒரு மினுக்கு வந்தால் 125 வாட் எங்கோ போகிறது. 125 வாட் இரவு பகலாக ஓடினால் 60 நாளில் 180 யூனிட். உங்களுக்குக் கூடியிருக்கும் 190 ஏறக்குறைய அதுவே. பிறகு எம்.சி.பி.களை (ஒவ்வொரு லைனுக்கும் தனித்தனியாக உள்ள பாதுகாப்பு சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக இறக்குங்கள். எதை இறக்கியதும் மினுக்கு நிற்கிறதோ, கோளாறு அந்த லைனில்.

கேள்வி (மதுரை): அண்ணா, மீட்டர்ல ‘எர்த் லீக்கேஜ்’னு ஒரு விளக்கு எப்பவும் எரியுது. மேல் போர்ஷன்ல வாடகைக்கு இருக்காங்க, அவங்களுக்குத் தனி மீட்டர். இதுக்கும் பில்லுக்கும் சம்பந்தம் இருக்கா?

நிச்சயம் இருக்கிறது. ஃபேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாதபோது அந்த விளக்கு எரியும். இப்போதுள்ள சிங்கிள் ஃபேஸ் மீட்டர்கள் இரண்டையும் அளந்து, எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கின்றன. திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. ஆனால் மேலும் கீழும் நியூட்ரல் கலந்துவிட்ட வீடுகளில் ஒரே கரண்டுக்கு இரண்டு மீட்டரும் ஓடும். மாடிப்படி லைட், பொது மோட்டார், இன்வெர்ட்டர் வயரிங் இந்த மூன்றில்தான் பெரும்பாலும் கலக்கிறது.

உறுதி செய்ய ஒரு சோதனை. கீழ் வீட்டில் மெயின் சுவிட்சை ஆனிலேயே வைத்து, எம்.சி.பி.களை மட்டும் எல்லாம் இறக்குங்கள். மெயினை அணைத்தால் நியூட்ரலும் சேர்ந்து துண்டாகிவிடும், சோதனை பலிக்காது. இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். மேலே ஒரு அயர்ன் பாக்ஸை ஓடவிடச் சொல்லுங்கள். கீழ் மீட்டர் மினுக்கினால் நியூட்ரல் கலந்திருக்கிறது. மேலேயும் இதேபோல் செய்து பாருங்கள். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து இரண்டு நியூட்ரலையும் பிரித்தால் விளக்கு அணைந்துவிட வேண்டும்.

அப்படியும் எரிந்தால் உண்மையான கசிவு. கீஸர் எலிமென்ட், சப்மெர்சிபிள் மோட்டார், ஈரச் சுவருக்குள் போகும் வயர் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். பில்லைவிட உயிர் பெரிது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) போடாத வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

கேள்வி (சேலம்): 1 எச்.பி. மோட்டார், 1000 லிட்டர் டேங்க். முன்னாடி அரை மணியில நிறையும், இப்ப ஒரு மணிக்கு மேல ஆகுது.

1 எச்.பி. மோட்டார் மணிக்குச் சுமார் 1 யூனிட் இழுக்கும். தினமும் அரை மணி கூடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட். கிணற்று நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கலாம், பூமிக்கடியில் பைப் கசியலாம். மோட்டாரை நிறுத்தியதும் தண்ணீர் திரும்பி இறங்கும் சத்தம் கேட்டால் வால்வு பிடிக்கவில்லை. இரவு டேங்க் மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். கழிவறை ஃப்ளஷ் டேங்க் சத்தமில்லாமல் ஒழுகுவது பலர் கவனிக்காத காரணம்.

கேள்வி (தஞ்சாவூர்): ஃபிரிட்ஜ் ஓயாம ஓடுற மாதிரி இருக்குங்க. கேஸ் போட்டா சரியாயிடுமா?

கேஸுக்குப் போகும் முன் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் வெளியேறுகிறது. நான்கு பக்கமும் இப்படிச் செய்யுங்கள். பின்பக்கச் சுவருக்கு இடைவெளி வேண்டும். ரப்பரும் காற்றோட்டமும் சரியாக இருந்தும் கம்ப்ரஸர் நிற்கவில்லை என்றால்தான் தெர்மோஸ்டாட், கேஸ். 130 வாட் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடினால் நாளுக்கு 3 யூனிட்டுக்கு மேல். நல்ல நிலையிலுள்ள சிறிய ஃபிரிட்ஜுக்கு 1 யூனிட்டை ஒட்டித்தான் ஆகும்.

கேள்வி (கோவை): இன்வெர்ட்டர் பேட்டரி பழசு. அது இழுக்குமா?

இழுக்கும். நல்ல பேட்டரி நிறைந்ததும் சார்ஜிங் கரண்ட் மிகக் குறைந்துவிடும். செல் கெட்டுப்போன பேட்டரி நிறையவே நிறையாது. வாங்கும் மின்சாரம் வெப்பமாக வீணாகும். பல மணி நேரம் பவர் கட் இல்லாத நாளிலும் பேட்டரியின் பக்கம் வெதுவெதுப்பாக இருக்கிறதா, டிஸ்டில்டு வாட்டர் அடிக்கடி குறைகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டரை ஆன், ஆஃப் செய்து மினுக்கு இடைவெளியை அளந்தால் எத்தனை வாட் என்றே தெரிந்துவிடும்.

கேள்வி (திருநெல்வேலி): பிளக்ல மாட்டுற ‘பவர் சேவர்’ வாங்கலாமா அண்ணாச்சி?

வாங்காதீங்க. உள்ளே இருப்பது ஒரு கப்பாசிட்டர்தான். வீட்டு இணைப்புக்குக் கிலோவாட் மணி (அதாவது யூனிட்) கணக்கில் பில் போடுவதால் அது ஒரு யூனிட்டையும் குறைக்காது. அந்தப் பணத்துக்கு, நாள் முழுக்க ஓடும் ஒரு ஃபேனை பி.எல்.டி.சி.க்கு (குறைந்த வாட்டில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன்) மாற்றுங்கள். 75 வாட் 30 ஆகும்; தினம் 20 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் மிச்சம்.

கேள்வி (சென்னை, அடுக்குமாடி): மெயினை ஆஃப் பண்ணியும் மீட்டர் ஓடுதே?

முதலில் அது உங்கள் மீட்டர்தானா? அட்டையிலுள்ள மீட்டர் எண்ணோடு ஒப்பிடுங்கள். வரிசையாக மீட்டர் வைத்த இடங்களில் பக்கத்து வீட்டோடு மாறியிருப்பது உண்டு. எண் சரியாக இருந்து, உங்கள் மெயினை அணைத்ததும் வேறொரு மீட்டர் நின்றால் வயர் மாறியிருக்கிறது. எந்த மீட்டரும் நிற்காமல் உங்களுடையதே ஓடினால், மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவில் யாரோ இணைப்பு எடுத்திருக்கிறார்கள், அல்லது மீட்டரே கோளாறு. சீலைத் தொடாதீர்கள். மெயின் ஆஃப் நிலையில் ரீடிங்கைத் தேதி, நேரத்தோடு இரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு படம் எடுத்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுங்கள்.