மகன் என்னை ‘நீங்க’ என்கிறான்

கேள்வி: எனக்கு வயது 43. எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். படித்திருக்கிறேன். மாலத்தீவில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் 11 வருஷம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, ஐந்து மாதங்களுக்கு முன் ஊருக்கே திரும்பிவிட்டேன். போகும்போது மகளுக்கு 4 வயது, மகனுக்கு 2. இப்போது மகள் பத்தாவது, மகன் எட்டாவது. வளர்த்ததெல்லாம் என் மாமியார்தான். இடையில் 2020-ல் கொரோனா சமயத்தில் கப்பலில் தூத்துக்குடி வந்து சில மாதம் வீட்டில் இருந்தேன். பள்ளி திறந்ததும் திரும்பப் போய்விட்டேன். கடைசி வருஷங்களில் அங்கே டாலர் தட்டுப்பாடு வந்து, சம்பளத்தை ஊருக்கு அனுப்புவதே பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக் கடனும் அடைந்துவிட்டது. போதும் என்று வந்தேன்.

மகள் எதற்கும் ஆச்சியைத்தான் தேடுகிறாள். மகன் ஆச்சியை ‘நீ’ என்கிறான், என்னை ‘நீங்க’ என்கிறான். அடுக்களையில் புளிப்பானையை இடம் மாற்றி வைத்தேன். அத்தை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு மெட்ரிக் பள்ளியில் வேலை கேட்டால், “இங்கிலீஷ் நல்லா பேசுறீங்க மேடம், எங்களுக்கு மார்க் எடுக்க வைக்கிற டீச்சர்தான் வேணும்” என்று சொல்லி 14,000 ரூபாய் சம்பளம் பேசினார்கள். தெருவில் எல்லோரும் “எப்ப திரும்பப் போற?” என்றே கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை காலையில் அந்தத் தீவு ஞாபகம் வந்து அழுகிறேன். பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இப்படி அழுவது தப்பு என்றும் தோன்றுகிறது. “இங்க உனக்கு என்ன குறை?” என்கிறார் கணவர். பழைய ஏஜென்ட் புது ஒப்பந்தத்தோடு கூப்பிடுகிறார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். போய்விடட்டுமா?

— வாசகி, நெல்லை மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் அந்த ‘நீங்க’ வந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மாவை ஒருமையில் கூப்பிடுகிற வீட்டில் ஒரு பிள்ளை அம்மாவுக்கு மட்டும் மரியாதை கொடுத்தால் அது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதனால் முதலில் அவனைப் பற்றியே பேசுவோம்.

2020-ல் கப்பலில் வந்ததை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அந்த ஜூன் மாதம் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் மாலத்தீவுத் தலைநகர் மாலேயிலிருந்து சுமார் 700 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. உங்களுக்கு அது உயிர் பிழைத்து வீடு வந்த கதை. அப்போது 8 வயதுப் பையனாக இருந்த உங்கள் மகனுக்கு அது வேறு கதை. அம்மா வந்தாள், கூடவே படுத்துக்கொண்டாள், சோறு ஊட்டினாள், ஒரு நாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். இப்போது மறுபடியும் வந்திருக்கிறீர்கள். ஐந்து மாதம்தான் ஆகியிருக்கிறது. ஏஜென்ட் போன் வருவதும் அவன் காதில் விழாமல் இருக்காது. அவன் உங்களை வெறுக்கவில்லை அம்மா, இந்தத் தடவையாவது இருப்பீர்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். ‘நீங்க’ என்பது அதுவரைக்கும் அவன் போட்டுக்கொண்டிருக்கிற சட்டை. “அம்மான்னு நினைச்சு நீன்னு கூப்பிடுடா” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அது கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை.

நீங்கள் முதல் முறை அந்தத் தீவில் இறங்கிய நாளை நினைத்துப் பாருங்கள். அந்த ஊர் மொழியான திவேஹி ஒரு வார்த்தை தெரியாது. கடை எங்கே, தண்ணீர் எங்கே, வெள்ளி, சனி லீவு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எப்படி எழுந்து ஓடுவது, எல்லாம் புதுசு. யாரைக் கேட்கவும் வெட்கப்பட்டிருக்க மாட்டீர்கள். பிடிபட ஒரு வருஷமாவது ஆகியிருக்கும். அந்த ஒரு வருஷத்தை உங்களுக்கு நீங்களே தாராளமாகக் கொடுத்தீர்கள். ஊருக்கு வந்ததும், “இது என் வீடு, எனக்குத் தெரியாததா” என்று முதல் வாரமே அடுக்களையில் கை வைத்துவிட்டீர்கள். நீங்கள் விட்டுப் போன வீடு 2014-ஓடு முடிந்துவிட்டது. இப்போது இருக்கிற வீட்டை உங்கள் அத்தை தனியாளாகக் கட்டி நடத்தியிருக்கிறார். இதுவும் உங்களுக்குப் புது ஊர்தான். தீவில் கேட்ட மாதிரி இங்கேயும் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

திரும்பி வருகிறவர்களுக்கு வரும் இந்தத் தடுமாற்றத்தை ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதி 1963-லேயே எழுதியிருக்கிறார்கள். வெளிநாட்டில் படித்தும் பாடம் எடுத்தும் திரும்பியவர்களை வைத்துத்தான் சொன்னார்கள். போன இடத்தில் ஒரு முறை மனசு கீழே இறங்கி ஏறுகிறது, திரும்பி வந்த பிறகு சொந்த ஊரில் இன்னொரு முறை இறங்கி ஏறுகிறது, படமாக வரைந்தால் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்து மாதிரி இருக்கும் என்றார்கள். நீங்கள் இப்போது நிற்பது அந்த இரண்டாவது பள்ளத்தில். முதல் பள்ளத்தைத் தாண்டியவர் நீங்கள் என்பதை மறக்க வேண்டாம்.

என் சித்தப்பா 1980-களில் நைஜீரியாவில் ஆங்கில வாத்தியாராக இருந்தார். அவர் இல்லாத வருஷங்களில் மூத்த பையன்தான் ரேஷன் கடை, கரண்ட் பில், பால் கணக்கு எல்லாவற்றையும் பார்த்தான். நீல அட்டை போட்ட 40 பக்க நோட்டு, அதில் பென்சிலால் கோடு போட்டு எழுதி வைத்திருப்பான். சித்தப்பா வந்த முதல் வாரமே, “போதும்டா, இனிமே அப்பா பாத்துக்கிறேன்” என்று அந்த நோட்டை வாங்கிக்கொண்டார். பாசத்தில்தான் செய்தார். பையன் அதற்கப்புறம் வெகுநாள் அவரிடம் முகம் பார்த்துப் பேசவில்லை. வயசான காலத்தில் சித்தப்பா என்னிடம் சொன்னார்: “அந்த நோட்டை நான் வாங்கியிருக்கக் கூடாது. பக்கத்துல உக்காந்து, இது என்ன கணக்குன்னு கேட்டிருக்கணும்.”

உங்கள் புளிப்பானையும் அந்த நோட்டு மாதிரிதான். அதை இன்றைக்கே பழைய இடத்தில் வைத்துவிடுங்கள். அப்புறம் அத்தையிடம் போய் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “நான் இல்லாத குறை தெரியாம ரெண்டு பேரையும் வளர்த்துட்டீங்க அத்தை.” இதை இதுவரை யாராவது அவரிடம் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம். ஊர் முழுக்க உங்களைத்தான் ‘மாலத்தீவு டீச்சர்’ என்று பேசியிருக்கும். நடுராத்திரியில் காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது அவர். மருமகள் வந்துவிட்டாள், இனி நமக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்ற பயம் அந்த மனுஷிக்கும் இருக்கும். பிள்ளைகளை அவரிடமிருந்து வாங்கப் பார்க்காதீர்கள். அவர் பக்கத்தில் போய் நின்றால் போதும். பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மகளுக்கு இது பத்தாம் வகுப்பு. 11 வருஷம் போனில் என்ன கேட்டிருப்பீர்கள்? “சாப்பிட்டியா? மார்க் எவ்வளவு?” வேறு வழியில்லை, தூரத்தில் இருக்கும் அம்மாவால் அதைத்தான் கேட்க முடியும். இப்போது அந்த இரண்டு கேள்வியையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு வேலையை அவளுக்காகச் செய்யுங்கள். டியூஷன் முடிந்து இருட்டில் வருகிறாள் என்றால் பஸ் ஸ்டாப்பில் போய் நில்லுங்கள். பையை வாங்கிக்கொள்ளுங்கள். அவள் பேசாவிட்டால் நீங்களும் பேசாமல் நடந்து வாருங்கள். மழை பெய்தாலும் போங்கள். நாற்பதாவது நாளோ ஐம்பதாவது நாளோ, பஸ்ஸில் என்ன நடந்தது என்று அவளே சொல்வாள்.

சரி, அந்த வெள்ளிக்கிழமை அழுகைக்கு வருகிறேன். அது தப்பே இல்லை. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவில், எந்த வழியில் போனாலும் ஒரு பிள்ளை “மிஸ்” என்று கூப்பிட்ட இடம் அது. திவேஹி மொழியின் ‘தானா’ எழுத்தை வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய குழந்தை, ஆங்கில நோட்டைப் பின்பக்கமாகத் திறந்து வைத்துக்கொண்டு முழிக்கும்போது, அதைத் திருப்பி வைத்து விரலைப் பிடித்து இடமிருந்து வலம் ஓட்டியவர் நீங்கள். அப்படி எத்தனை பிள்ளைகள்! அந்த வாழ்க்கை முடிந்ததற்கு அழத்தான் செய்வீர்கள். பிள்ளைகளைப் பிரிந்து அழுத அதே மனசுதான் இதற்கும் அழுகிறது.

உங்கள் வீட்டுக்கு அந்த 11 வருஷம் மாதா மாதம் வந்த பணமாக மட்டும்தான் தெரியும். அதை மாற்றுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஊர்க் காலை உணவான மஸ்ஹுனி செய்யுங்கள். சூரை மீன் உங்கள் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். வேக வைத்து உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை போட்டுப் பிசைந்தால் ஆயிற்று. அங்கே தொட்டுக்கொள்ளும் ரொஷி ரொட்டிக்குப் பதில் சப்பாத்தி போதும். “அம்மா அங்க காலையில இதைத்தான் சாப்பிட்டா” என்று வையுங்கள். அங்கேயும் தோணிக்குத் தோணி என்றே பெயர் என்று மகனிடம் சொல்லுங்கள், ஆச்சரியப்படுவான். கணவரிடமும், “குறை சொல்லல, அரை மணி நேரம் கேளுங்க, பதில் சொல்ல வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் பேசுங்கள். அவர் கேட்கிற ‘என்ன குறை’ என்ற கேள்விக்குள், நான் போதவில்லையா என்ற கேள்வியும் இருக்கலாம்.

வேலை விஷயத்தில் எனக்கு வருத்தத்தோடு கோபமும் உண்டு. பிள்ளைகளின் தாய்மொழி தெரியாமல், ஆங்கிலத்தை ஆங்கிலத்தாலேயே புரியவைத்து 11 வருஷம் ஓட்டியவர் நீங்கள். இங்கே பல வகுப்புகளில் ஆங்கிலப் பாடத்தைத் தமிழில் சொல்லி, கைடில் கோடு போட்டு மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். உங்களிடம் இருப்பது இங்கே அதிகம் கிடைக்காத சரக்கு. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் நடத்திய அனுபவம் இருந்தால், அதே பாடத்திட்டம் உள்ள இன்டர்நேஷனல் பள்ளிகளிலும் ஆன்லைன் டியூஷனிலும் அதற்கு மதிப்பு இருக்கிறது. தென் மாவட்டங்களில் வெளிநாடு போகத் தயாராகும் நர்ஸ்கள் நிறைய. அவர்களுக்கான ஓ.இ.டி. என்ற ஆங்கிலத் தேர்வில் படிப்பது, எழுதுவது, கேட்பது, பேசுவது நான்கையும் சோதிப்பார்கள். நாலைந்து பேருக்கு மாலையில் சொல்லிக்கொடுத்து ஆரம்பிக்கலாம். அரசுப் பள்ளி ஆசை இருந்தால் வயது போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஆசிரியர் நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கே 53 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். அங்கிருந்து அனுபவச் சான்றிதழ், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தெந்த வகுப்பு என்ற விவரத்தோடு இல்லையென்றால், உங்களைத் தெரிந்த தலைமையாசிரியர் அங்கே இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்கு வைத்திருந்தால், நிரந்தரமாகத் திரும்பிவிட்டதை வங்கியில் சொல்லிக் கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வட்டிக்கு இருந்த வரிவிலக்கு இனி தொடராது. ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள், பின்னால் தலைவலி இருக்காது.

இப்போது ஏஜென்ட். திரும்பப் போவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். தேவைப்பட்டால் எத்தனையோ தாய்மார்கள் போகிறார்கள். ஆனால் நீங்கள் போக நினைப்பது பணத் தேவையால் இல்லை, இங்கே இடம் கிடைக்காத வலியால். அந்த வலியோடு இந்த மாதக் கடைசியில் கையெழுத்துப் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மகளுக்குப் பொதுத்தேர்வு வருகிறது. மகன் கவனித்துக்கொண்டிருக்கிறான். இந்த முறை வேண்டாம் என்று ஏஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள். அதை வாசல் பக்கம் போய் ரகசியமாகச் சொல்லாதீர்கள். மகன் கூடத்தில் இருக்கும்போது, அவன் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். மகளின் தேர்வு முடிந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.