பேனுக்கு எந்த மருந்து? கேள்வி பதில்

காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையில் பல வருஷம் பார்மசிஸ்டாக இருந்தவள் நான். பேனைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (தேவகோட்டை): ஆச்சி, கண்டனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து நாலாவது படிக்கிற மகளுக்குத் தலை முழுக்கப் பேன். பெர்மெத்ரின் வாங்கிப் போட்டதில் எல்லாம் செத்து விழுந்தது, ஆனால் பத்து நாளில் திரும்ப ஊர்கிறது. மருந்து போலியா?

பதில்: அவசரப்பட்டு மருந்தின் மேல் பழி போட வேண்டாம். இரண்டாம் தடவை போட்டீர்களா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். 1 சதவீத பெர்மெத்ரின் ஊர்கிற பேனைக் கொல்லும், ஈரை முழுசாகக் கொல்லாது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும், பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டை வைக்க இன்னும் ஒன்பது பத்து நாள். அதனால் தப்பித்த ஈரெல்லாம் பொரிந்தபின், அந்தக் குஞ்சுகள் முட்டை வைப்பதற்கு முன், 9ஆம் நாள் வாக்கில் மறுபடி போட வேண்டும். இதைச் சொல்லாமல் பாட்டிலை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது எனக்குக் கோபம் வரும் விஷயம்.

போடுகிற முறையும் முக்கியம். எண்ணெய் போகச் சாதாரண ஷாம்பு போட்டு அலசுங்கள், கண்டிஷனர் வேண்டாம், அது மருந்தை முடியில் ஒட்ட விடாது. துண்டால் ஒற்றிவிட்டு, முடி ஈரமாக இருக்கும்போதே காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நன்றாகப் படும்படி தடவி, 10 நிமிடம் விட்டு அலசிவிடுங்கள். அப்புறம் ஒன்றிரண்டு நாள் தலைக்கு ஊற்ற வேண்டாம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள்: பேன் தள்ளாடி மெதுவாக நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது, சீப்பால் வாரி எடுத்தால் போதும். முன்பு போலவே சுறுசுறுப்பாக ஓடினால் பேன் அந்த மருந்துக்குப் பழகிவிட்டது, அதையே திரும்பத் திரும்பப் போடாமல் டாக்டரிடம் கேட்டு டைமெத்திகோன் அல்லது ஐவர்மெக்டின் லோஷனுக்கு மாறுங்கள். வாங்கும்போது சதவீதத்தைப் படியுங்கள், 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் சொறி சிரங்குக்கானது.

பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டினால் ஊர்ந்து ஏறும், அவ்வளவுதான். கல்யாண வீட்டில் வளவு முழுக்கப் பாய் விரித்துப் பிள்ளைகளெல்லாம் வரிசையாகப் படுத்திருப்பார்கள் இல்லையா, அங்கே ஒரு தலையில் இருந்தால் போதும். ஆகவே வீட்டில் எல்லார் தலையையும் ஒரே நாளில் பாருங்கள், பேன் இருப்பவர்களுக்கெல்லாம் அன்றைக்கே போடுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): சீத்தாப்பழ விதையை அரைத்துப் போட்டால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார் அப்பத்தா. போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்த விதைக்குப் பேனைக் கொல்லும் சக்தி உண்டு, அப்பத்தா சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். குளிக்கும்போது வழிந்து கண்ணுக்குள் போய், வலி தாங்காமல் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் நம் நாட்டிலேயே நிறைய. குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளும் என்று நம்பி இந்த வேலையில் இறங்காதீர்கள்.

மண்ணெண்ணெய், பெட்ரோல், கொசு மருந்து மூன்றையும் தலையில் போடவே கூடாது. நெருப்புப் பட்டு வெந்துபோன பிள்ளைகள் உண்டு. சூடத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிச் சின்னக் குழந்தைக்குத் தேய்ப்பதும் ஆபத்து, தோல் வழியாக உள்ளே போனால் வலிப்பு வரும். வேப்பெண்ணெயைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் அதுவும் விஷம்.

கேள்வி (புதுவயல்): என் தங்கை நாலு மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் பேன். என்ன செய்வது?

பதில்: முதலில் சீப்பு. முடியை நனைத்து, கண்டிஷனரோ எண்ணெயோ தடவி, பல் நெருக்கமான பேன் சீப்பால் தோலிலிருந்து நுனி வரை வாரி, ஒவ்வொரு தடவையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை, இரண்டு வாரம். நீள முடிக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், பொறுமைதான் இங்கே மருந்து. தப்பில்லாமல் செய்தால் மருந்தே இல்லாமல் தீரலாம். மருந்து தேவைப்பட்டால் அவளைப் பார்க்கும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஐவர்மெக்டின் மாத்திரையைத் தானாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம், 15 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் அது கூடாது. இரண்டு மாதம் ஆகாத கைக்குழந்தைக்கு பெர்மெத்ரினும் கூடாது, சீப்பு மட்டுமே.

கேள்வி (கானாடுகாத்தான்): பேன் ஒன்றும் இல்லை, வெள்ளை வெள்ளையாக ஈர் மட்டும் தெரிகிறது. திரும்பவும் மருந்து போடணுமா ஆச்சி?

பதில்: தோலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். உயிருள்ள ஈர் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும், பழுப்பாகத் தெரியும். முடி வளர வளரக் கீழே இறங்கி வந்த வெள்ளை ஈர் வெறும் ஓடுதான். ஊர்கிற பேனைக் கண்ணால் பார்த்தால் மட்டும் மருந்து. பொடுகு ஊதினால் பறக்கும், ஈர் முடியில் பசை போட்டது போல் ஒட்டியிருக்கும், இழுத்துத்தான் எடுக்கணும். அதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வைக்க வேண்டியதில்லை.

கேள்வி (ஆத்தங்குடி): குன்றக்குடியில் மொட்டை போட்டுவிட்டால் வேலை முடிந்ததா?

பதில்: வேண்டுதல் இருந்தால் போடுங்கள், பேனும் போகும். பேனுக்காக மட்டும், வேண்டாம் என்று அழுகிற பத்து வயதுப் பெண் பிள்ளையை உட்கார வைத்து மழிக்காதீர்கள். பேன் வந்தது அவள் தப்பில்லை, சுத்தமாக இருக்கும் தலையிலும் வரும்.

கேள்வி (நாச்சியாபுரம்): மெத்தை, தலையணையெல்லாம் தூக்கிப் போட வேண்டுமா?

பதில்: வேண்டாம். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். கடைசி இரண்டு நாள் உபயோகித்த தலையணை உறை, துண்டு இவற்றை வெந்நீரில் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். சீப்பை நல்ல சூடான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். வீட்டுக்கு மருந்து அடிக்க வேண்டியதே இல்லை.