பதில்: மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தும் யூனிட் குறையவில்லையே (தருமபுரி)

வணக்கம். வெயில் சூட்டைக் குறைத்து ஏ.சி. மின்செலவை மிச்சப்படுத்த மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்தும், சென்ற ஆண்டு ஏப்ரல், மே மாதங்களிலும் பூச்சு அடித்த இந்த ஆண்டின் அதே மாதங்களிலும் 1,800 யூனிட்டே வந்திருப்பதால் செலவு வீண் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு கோடைகளும் ஒரே அளவு வெப்பமாக இருந்தனவா என்று பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

அதற்கு டிகிரி நாள் கணக்கு உதவும். அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலைகளின் சராசரியிலிருந்து ஓர் அடிப்படை வெப்பநிலையை, அதாவது எதற்கு மேல் போனால் ஏ.சி. தேவைப்படுமோ அந்த அளவை, கழிக்க வேண்டும். 38, 26 என்றால் சராசரி 32, அடிப்படை 24 என்றால் அன்றைக்கு 8 டிகிரி நாள். கழித்தால் சுழியத்துக்குக் கீழே போகும் நாள்களைச் சுழியமாகவே கொண்டு, எல்லா நாள்களின் கணக்கையும் கூட்டுங்கள். அமெரிக்காவில் அடிப்படையாக வழங்கும் 18.3 நம் ஊருக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. 2020 முதல் இங்கு விற்கும் ஏ.சி.களின் தொடக்க அமைப்பே 24தான்.

மின்விசிறி, விளக்கு, மோட்டார் ஆகியவற்றின் யூனிட்டை முதலில் கழித்துவிடுங்கள், ஏ.சி. ஓடாத டிசம்பர், ஜனவரி ரீடிங்கே அதற்குப் போதும். அது 600 என்றால் மீதி 1,200. சென்ற ஆண்டு 400 டிகிரி நாள், இந்த ஆண்டு 480 என்று வைத்துக்கொண்டால், டிகிரி நாளுக்கு 3 யூனிட் என்பது 2.5 ஆகியிருக்கும், அதாவது பூச்சு வேலை செய்திருக்கிறது.

கணக்கை மாதத் தேதிப்படி போடாமல், மீட்டர் ரீடிங் எடுத்த தேதியிலிருந்து அடுத்த ரீடிங் தேதி வரை போடுங்கள். ஓசூர் வெப்பநிலையை எடுக்க வேண்டாம்; அது தருமபுரியைவிட ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரண்டு, மூன்று டிகிரி குறைவாகவே காட்டும். நீங்களே அளப்பதானால் வெப்பமானியை வடக்குச் சுவர் நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். நான் முதலில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே மாட்டிவிட்டு, ஒரு மாதக் குறிப்பு முழுவதையும் கிழித்துப் போட்டேன்.