வீட்டை அடமானம் வைக்காதீர்கள், ஒரு ஸ்பீக்கர் வாங்குங்கள்

ஐயா, மகளோடு வந்து நீங்கள் கலங்கி உட்கார்ந்திருந்தபோது ஆறுதலாகத்தான் பேச்சைத் தொடங்கினேன். பெரிய ஸ்டுடியோ இருக்கும் கல்லூரியில் ஒலிப் பொறியியல் படிக்கவைக்க வீட்டை அடமானம் வைக்கப்போகிறேன் என்றீர்களே, அதோடு என் ஆறுதல் முடிந்தது. கணினிப் பொறியியலுக்காக வாதாட உங்கள் அண்ணன் இருக்கிறார், அதை விட்டுவிடுகிறேன்.

அந்தக் கல்லூரி விளம்பரத்தில் மின்னும், ஒலிகளைக் கலக்கும் நீளமான மிக்சிங் மேசையால் காது பழகாது. கைக்கு அடக்கமான ஒற்றை ஸ்பீக்கரில் மோனோவாக, அதாவது இடது வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்துக் கேட்டால் பழகும். ஆராட்டோன் 5சி என்ற சின்னப் பெட்டியைப் பெரிய ஸ்டுடியோக்களே இதற்காக வைத்திருந்தன. அதில் ஆழ்ந்த பேஸும் கேட்காது, உச்ச மினுமினுப்பும் கேட்காது. மிஞ்சுவது நடு ஒலிதான். பாடகரின் சொல் புரிகிறதா, பேஸ் கிட்டாரின் மெட்டு தொடர்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். மோனோ இன்னும் கறாரானது. கிட்டாரை அகலமாக்க ஒரு பக்கத்தை 1 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினால், இரண்டு பக்கமும் சேரும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகச் சில அதிர்வெண்கள் காணாமல் போய் ஒலியில் ஓட்டை விழும். தகர டப்பாவுக்குள் வாசித்ததுபோல ஒலிக்கும். இரண்டு ஸ்பீக்கரிலும் மோனோவை ஓடவிட்டுச் சரிபார்ப்பவர்களும் உண்டு. ஒன்றை அணைத்துவிடுவதே முறை.

உங்கள் மகளின் பாட்டு ஹெட்போனில் பிரமாதமாக இருந்தது. ஒரே ஸ்பீக்கர் உள்ள என் பழைய போனில் போட்டேன், கிட்டாரையே காணோம். "போன் என்றால் அப்படித்தான்" என்றீர்கள். அவள் உங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மடிக்கணினியைத் திறந்து ஒரு பக்கத்தின் போலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேடு பள்ளத்தை, தலைகீழாகத் திருப்பினாள். கிட்டார் வந்தது, அகலம் போயிற்று. "இன்னொரு தடவை தனியாக வாசித்துப் பதிவுசெய்து, பக்கத்துக்கு ஒன்றாக வைக்கிறேன்" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்காத பதில் அது. இந்தப் பிடிவாதத்தை எந்தக் கல்லூரியும் கட்டணத்துக்குத் தராது.

ஓராண்டு கொடுங்கள். ஒரு ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலி, தினமும் இரண்டு மணி நேரம். பாட்டு மட்டும் போதாது. ஒலிப்புத்தகங்கள், பாட்காஸ்ட்கள், பேச்சுப் பதிவுகளையும் அவள் மிக்ஸ் செய்யட்டும். அங்கே வேலை உண்டு, பகட்டு இல்லாததால் கூட்டம் குறைவு. அலுத்துப்போனால் ஒரு ஸ்பீக்கரோடு நஷ்டம் முடிந்தது. அலுக்காவிட்டால் குறுகிய காலப் படிப்பு ஒன்றை நாம் சேர்ந்தே தேடுவோம்.

அடமானப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்புங்கள். அந்தப் பழைய போன் மேசையிலேயே இருக்கிறது.