போன தடவை மிச்சமான கண் சொட்டு மருந்தை மறுபடி ஊற்றலாமா?

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு நேற்றிலிருந்து ஒரு கண் சிவந்திருக்கிறது. காலையில் எழுந்தால் பீளை ஒட்டிக்கொண்டு இமையைத் திறக்கவே முடியவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால் எனக்குக் கண் சிவந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருக்கிறது, காலாவதித் தேதிக்கும் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அதையே ஊற்றலாமா? ஒரு தடவைக்கு எத்தனை சொட்டு? சிவப்பு போனதும் நிறுத்திவிடலாமா?

பதில்: அந்த பாட்டிலை ஊற்றாதீர்கள். காலாவதித் தேதி பார்த்தீர்கள், நல்லதுதான், ஆனால் அந்தத் தேதி மூடி திறக்காத பாட்டிலுக்கு. திறந்துவிட்டால் கணக்கே வேறு. பெரும்பாலான கண் சொட்டு மருந்துகளைத் திறந்த நாளிலிருந்து 28 நாளில் தூக்கிப் போட்டுவிட வேண்டும் (சிலவற்றுக்கு இன்னும் குறைவு, உள்ளே இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள்). நீங்கள் ஊற்றிக்கொண்டபோது பாட்டிலின் நுனி உங்கள் இமையிலோ விரலிலோ ஒரு தடவை பட்டிருந்தாலும் போதும், கிருமி அதில் ஏறியிருக்கும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தாலும் இதேதான். இனிமேல் பாட்டில் திறந்த அன்றைக்கே அதன்மேல் பேனாவால் தேதியை எழுதிவையுங்கள்.

பழைய மருந்தில் இதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து என்று நாம் சொல்லும் பாட்டில்களில் பலவற்றில் ஸ்டீராய்டும் கலந்திருக்கும். உங்கள் பாட்டிலை எடுத்து, பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். மாக்ஸிஃப்ளாக்ஸசின், டோப்ராமைசின், சிப்ரோஃப்ளாக்ஸசின், குளோராம்ஃபெனிகால் இவையெல்லாம் ஆன்டிபயாடிக். பக்கத்திலேயே டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஊற்றினால் சிவப்பு சட்டென்று குறையும், அதனால் குணமாகிவிட்டதாகவே தோன்றும். ஆனால் உள்ளே இருப்பது ஹெர்ப்பிஸ் வைரஸோ பூஞ்சைத் தொற்றோ என்றால், ஸ்டீராய்டு அதைத் தடுக்கிற உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும், நோய் கருவிழிக்குள் பரவிப் பார்வையே போகலாம். தொற்றே இல்லாவிட்டாலும், வாரக்கணக்கில் ஊற்றினால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். டாக்டர் கண்ணைப் பரிசோதிக்காமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை யாருக்கும் ஊற்றக் கூடாது, குழந்தைக்குக் கட்டாயம் கூடாது.

சரி, பையனுக்கு வந்திருப்பது பாக்டீரியாதானா என்பதும் இன்னும் தெரியாது. கண் சிவப்புக்கு வைரஸும் மிகச் சாதாரணமான காரணம், அதற்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. தண்ணியாக வடிந்து, சளியும் சேர்ந்து, ஓரிரு நாளில் அடுத்த கண்ணுக்கும் தாவினால் பெரும்பாலும் வைரஸ். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப் பீளை நாள் முழுக்கத் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தால் பாக்டீரியாவாக இருக்கலாம், குழந்தைகளுக்கு அது அடிக்கடி வரும். இரண்டு கண்ணும் கடுமையாக அரித்தால் ஒவ்வாமை. இந்த அடையாளங்கள் ஒன்றோடொன்று கலந்தும் வரும், பார்த்த மாத்திரத்தில் டாக்டராலேயே எப்போதும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. லேசான பாக்டீரியா தொற்று பல நேரம் ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே போய்விடும் என்பதால் மருந்தே வேண்டாம் என்றும் டாக்டர் சொல்லலாம். அப்படிச் சொன்னால் நம்புங்கள், மருந்து எழுதவில்லையே என்று கடையில் போய்க் கேட்டு வாங்காதீர்கள்.

புதிதாக மருந்து எழுதிக்கொடுத்தால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு சொட்டு போதும். கண்ணில் இடமே அவ்வளவுதான், பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே அதற்கு அதிகம், இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் சுத்தமான பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பீளையைத் துடையுங்கள், ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. பீளை அப்படியே இருக்க மேலே ஊற்றினால் மருந்து கண்ணில் சரியாகப் படாது. அப்புறம் கீழ் இமையை லேசாக இழுத்தால் ஒரு பை மாதிரி குழி தெரியும், நுனி எங்கேயும் படாமல் அதில் ஒரு சொட்டு விடுங்கள். பையன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் மல்லுக்கட்ட வேண்டாம். மல்லாக்கப் படுக்கவைத்து, மூடிய கண்ணின் மூக்கோர மூலையில் சொட்டு விட்டு, மெதுவாகக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள், மருந்து தானாக உள்ளே இறங்கிவிடும். பிறகு ஒரு நிமிடம் கண்ணை மூடியபடி, அந்த மூலையை விரலால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள். தொண்டையில் கசக்கிறது என்று அவன் சொன்னால் பயப்படாதீர்கள், மருந்து கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்குகிறது, அழுத்திப் பிடித்தால் அது குறையும். இன்னொரு சொட்டு மருந்தும் கொடுத்திருந்தால் நடுவில் 5 நிமிடம் விடுங்கள், களிம்பு கடைசியில்.

சிவப்பு போனதும் நிறுத்தலாமா என்றால், டாக்டர் எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாள், குறைக்கவும் வேண்டாம் கூட்டவும் வேண்டாம். சீக்கிரமே சரியாகிவிட்டால் அவரையே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நிறுத்துங்கள். நாலு வேளையை இரண்டு வேளையாக்கி இழுத்துக்கொண்டு போகும் பழக்கம் ஆன்டிபயாடிக்குக்கு ஆகாது, அரைகுறை அளவில் தப்பிப் பிழைக்கும் கிருமிக்கு அந்த மருந்து பழகிவிடும். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் ஒரு சொட்டு, அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாள் ஊற்றியும் மாற்றமே இல்லை, அல்லது ஊற்ற ஊற்ற இமை வீங்கி அரிக்கிறது என்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள், மருந்தே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம்.

கண்ணில் கடுமையான வலி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமை, துடைத்த பிறகும் பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, குச்சியோ இலையோ குத்திய பிறகு வந்த சிவப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே கண் டாக்டர். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் கண் சிவந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே போக வேண்டும். பிறந்து ஒரு மாதம் ஆகாத குழந்தைக்குக் கண்ணில் பீளை தள்ளினாலும் அப்படித்தான்.

இதைப் படிப்பதற்குள் அந்தப் பழைய பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு ஊற்றியிருந்தீர்கள் என்றால் பதற வேண்டாம், இதோடு நிறுத்துங்கள், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, எப்போது ஊற்றினீர்கள் என்று சொல்லிவிடுங்கள்.