உறுப்புகள் பூச்சியத்தை நெருங்கியும் தொடர் ஏன் விரிகிறது?

கேள்வி, யாழ் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவருடையது: "1 + 1/2 + 1/3 + 1/4 + … இல உறுப்புகள் சிறுத்துக்கொண்டே போகுது. பிறகேன் கூட்டுத்தொகை முடிவிலிக்குப் போகுது?"

தம்பி, உறுப்பு பூச்சியத்தை நாடுவது தேவையான நிபந்தனை மட்டும்தான், அது போதாது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்த பழக்கத்தில் உடனே கூட்டுத்தொகையைத் தேடுகிறோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது, தொடர் ஒருங்குமா என்பதை, அதாவது உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகை ஒரு குறித்த எண்ணை நெருங்குமா என்பதை. நெருங்காவிட்டால் தொடர் விரிகிறது என்போம்.

14ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அறிஞர் நிக்கோல் ஒரேம் காட்டிய வழியைப் பாருங்கோ. 1/3, 1/4 இரண்டும் 1/4 இற்குக் குறையாதவை. கூட்டினால் 1/2 ஐத் தாண்டும். அடுத்த நான்கும், அதாவது 1/5 முதல் 1/8 வரை, ஒவ்வொன்றும் குறைந்தது 1/8. திரும்பவும் 1/2 ஐத் தாண்டும். அதற்கடுத்த எட்டும் அப்படியே. அரையரையாக எத்தனை தரமும் சேர்க்கலாம், முடிவே இல்லை.

ஆனால் சரியான சோம்பேறித் தொடர் இது. கூட்டுத்தொகை 10 ஐத் தாண்டவே 12,367 உறுப்புகள் வேண்டும். கல்குலேட்டரில் தட்டிப் பார்த்தால் எங்கேயோ நின்றுவிட்டது போலத்தான் தெரியும், அதை நம்பாதேங்கோ.

பகுதியெண்களை வர்க்கமாக்கினால், 1 + 1/4 + 1/9 + … ஒருங்கும். 1734இல் கணிதவியலாளர் ஆய்லர் கண்ட பெறுமானம், பை வர்க்கத்தின் ஆறிலொன்று. வட்டமே இல்லாத இடத்தில் பை எப்படி வந்தது என்பது தனிக் கதை.

விகிதச் சோதனை, அதாவது ஒவ்வொரு உறுப்பையும் அதற்கு முந்தியதால் பிரித்து எல்லையைப் பார்ப்பது, இந்த இரண்டு தொடருக்குமே 1 ஐத்தான் தரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. தொகையீட்டுச் சோதனையைப் பிடியுங்கோ, அது தொடரை x = 1 இலிருந்து வளையியின் கீழுள்ள பரப்போடு ஒப்பிடும், பரப்பு முடிவுள்ளதென்றால் தொடரும் ஒருங்கும்: முதலாவதில் 1/x வளையியின் கீழ்ப் பரப்பு மடக்கையாக எல்லையின்றி வளரும், இரண்டாவதில் 1/x² வளையியின் கீழ்ப் பரப்பு 1 இற்கு மேல் போகாது.