சிக்ஸ்டீஸ் ஸ்டைல் நம்ம முகத்துக்கு எப்படி? உங்க கேள்விகளுக்கு என் பதில்

பார்லர் வேலைல எனக்கு 22 வருஷம் ஆச்சு, அதுல பாதி நாள் "அக்கா பழைய படம் மாதிரி பண்ணி விடுங்க"ன்னு வர்ற பொண்ணுங்களோடதான் போச்சு. போன வாரம் அறுபதுகளோட கண் மை, கொண்டை பத்தி ஏதோ பேச்சுவாக்குல சொல்லப் போக கேள்வி குவிஞ்சிடுச்சு. எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடறேன்.

சரோஜாதேவி அம்மா, சர்மிளா தாகூர் போட்டோ எல்லாம் பார்த்தா அவ்வளவு ஆசையா இருக்கு அக்கா. ஆனா நான் போட்டா ஸ்கூல் மாறுவேஷப் போட்டி மாதிரி இருக்கு. எங்க தப்பு பண்றேன்?

எல்லாத்தையும் ஒரே நாள்ல போடுறதுதாம்மா தப்பு. புஸ்ஸுனு தூக்குன முடி, வால் வச்ச மை, பெரிய ஜிமிக்கி, டைட் ஜாக்கெட், அதுக்கு மேல பவுடர் அப்பின முகம்னு மொத்தமா இறக்கினா பார்க்கிறவங்களுக்கு உன் முகம் தெரியாது, வேஷம்தான் தெரியும். அவங்க போட்டது ஸ்டுடியோ லைட்டுக்கும் அவ்வளவு பெரிய திரைக்கும், அதுலயும் பாதிப் படம் கருப்பு வெள்ளை, கண்ணும் புருவமும் அழுத்தமா இல்லன்னா கடைசி சீட்டுக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது. நீ டியூப் லைட்டுக்குக் கீழ நிக்கப் போற. அதனால ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோ, கண்ணு இல்லன்னா முடி, மிச்சமெல்லாம் நீ தினம் எப்படி இருப்பியோ அப்படியே இருக்கட்டும்.

இன்னொண்ணும் நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. பத்து வருஷமும் ஒரே ஸ்டைல் கிடையாது. 60, 61ல எல்லாம் இன்னும் அம்பதுகளோட வாடை இருக்கும், சிவப்பு லிப்ஸ்டிக், மெல்லிசா ஒரு வால். 64, 65 தாண்டினதும் உதடு வெளிறிப் போய் கண்ணு கனமாயிடும். இதுல பாதி அதுல பாதின்னு கலந்து சிவப்பு உதட்டோட லண்டன் மாடல் ட்விகி மாதிரி கீழ் இமையில குச்சி குச்சியா வரைஞ்சா கண்ணும் உதடும் சண்டை போடும்.

எனக்கு நெத்தி ரொம்பப் பெருசு, சாதனா கட் செட் ஆகுமா? முடி வேற சுருட்டை.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திட்டு இருந்தேன். ஹிந்தி நடிகை சாதனாவுக்கே அது ஆசைக்கு வெட்டினது இல்ல, அவங்களுக்கும் நெத்தி அகலம். 1960ல வந்த லவ் இன் சிம்லா படத்துக்கு டைரக்டர் ஆர்.கே. நய்யார்தான் ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் மாதிரி முன்னாடி முடிய வெட்டி விட்டா நெத்தி மறையும்னு யோசிச்சார், அதுவே ஊரெல்லாம் சாதனா கட் ஆயிடுச்சு. ஒரு குறைய மறைக்கப் போய்தான் ஸ்டைலே பொறந்துச்சு. அதனால யார்கிட்ட எது அழகா இருக்குன்னு பார்க்கிறத விட, அவங்க அத எதுக்குப் பண்ணாங்கன்னு பாருங்க. உங்களுக்கும் அதே பிரச்சனைன்னா கண்ணை மூடிட்டு எடுத்துக்கலாம்.

சுருட்டைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஈரத்துல வெட்டவே விடாதீங்க, காய்ஞ்சதும் ரெண்டு விரல் மேல ஏறி புருவத்துக்கு மேல ஒரு குஞ்சம் மாதிரி நிக்கும். காய்ஞ்ச முடியில மூக்கு நுனி நீளத்துக்கு வெட்டச் சொல்லுங்க, பத்தலன்னா அப்புறம் குறைச்சுக்கலாம். தினமும் அயர்ன் பண்ணி நேராக்கணும்னு அவசியம் இல்ல, சுருட்டையாவே நெத்தில விழுந்தாலும் நல்லாத்தான் இருக்கும்.

இமை கொஞ்சம் தொங்கின மாதிரி இருக்கும் அக்கா. ஐலைனர் வால் இழுத்தா கண்ணைத் திறந்ததும் மடிஞ்சு போகுது. கண்ணாடியும் போடுறேன்.

கண்ணை மூடி, தோலை இழுத்துப் பிடிச்சு வரையிறீங்கல்ல? அதான் பிரச்சனை. கையை விட்டதும் தோல் பழைய இடத்துக்குப் போகும், கோடும் கூடவே போகும். கண்ணாடி முன்னாடி முகத்தை நேரா வச்சு கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்கோங்க. கீழ் இமையோட கோடு அப்படியே மேல நீண்டா புருவத்தோட வால் பக்கம் போகும் இல்லயா, அந்த வழியில ஒரு சின்னப் புள்ளி வைங்க, அவ்வளவுதான் வாலோட நுனி. திறந்த கண்ணோடவே அந்தப் புள்ளியில இருந்து இமையோட வெளி ஓரத்துக்கு ஒரு கோடு. இப்ப கண்ணை மூடிப் பார்த்தா நடுவுல ஒரு படிக்கட்டு மாதிரி கோணலா தெரியும். பயந்து அதைச் சரி பண்ணிடாதீங்க. திறந்தா நேராத்தான் இருக்கும், யாரும் உங்களை மூடின கண்ணோட பார்க்கப் போறது இல்ல.

உள் மூலைப் பக்கம் கோடு முடி மாதிரி மெல்லிசா ஆரம்பிக்கணும், வெளிய போகப் போகத்தான் தடிமன். இமைல எண்ணெய் வழியிற ஆளா இருந்தா முதல்ல கொஞ்சம் பவுடர் ஒத்தி எடுத்துடுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு டப்பா மை மட்டும் வச்சா மத்தியானத்துக்குள்ள கண்ணுக்குக் கீழ வந்து உக்காந்துடும்.

கண்ணாடிக்கு ஒரு கணக்கு இருக்கு. மைனஸ் பவர்னா லென்ஸ் கண்ணைச் சின்னதா காட்டும், அதனால தைரியமா தடியா போடலாம். பிளஸ் பவர்னா பெருசா காட்டும், கை நடுங்கினது கூட தெரியும், மெல்லிசா போடுங்க. அப்புறம் ஓரம் ரெண்டும் மேல தூக்கின பூனைக்கண் ஃப்ரேம் வாங்கிட்டா வாலே வேணாம், பாதி வேலைய ஃப்ரேமே பார்த்துக்கும்.

முடி எலி வால் மாதிரி இருக்கு. அந்த உயரமான பஃப் எனக்கெல்லாம் வருமா?

வரும். சினிமாக்காரங்களுக்கே நிறைய பேருக்கு உள்ள வேற முடிதான் இருந்துச்சு.

முதல்ல ஒரு கதை சொல்லிடறேன். பீஹைவ்னு சொல்ற தேன்கூட்டுக் கொண்டை 1960ல சிகாகோல மார்கரெட் வின்சி ஹெல்ட்னு ஒரு பார்லர்காரம்மா கண்டுபிடிச்சது. ஒரு பத்திரிகை புதுசா ஏதாவது செஞ்சு காட்டுங்கன்னு கேட்டுச்சு, அவங்க கிட்ட குல்லா மாதிரி ஒரு சின்ன கருப்பு வெல்வெட் தொப்பி இருந்துச்சு, அது உருவத்துலயே முடிய எழுப்பிட்டாங்க. அந்தத் தொப்பில தேனீ மாதிரி மணி தெச்சிருந்ததால பேரும் அப்படியே நின்னுடுச்சு. நம்மள மாதிரி ஒரு பார்லர்காரின்றதால எனக்கு அவங்க மேல தனிப் பாசம்.

இப்ப உங்க விஷயம். பேக்கோம்பிங், அதான் சீப்பால முடிய வேர்ப் பக்கமா தள்ளிச் சிக்காக்குறது, அத பண்ணி பண்ணியே உயரம் ஏத்தணும்னு நினைக்காதீங்க, மெல்லிசான முடி உடைஞ்சு போகும். உச்சந்தலைல ஒரு பிடி முடிய முன்னாடி எடுத்துப் போட்டுட்டு, அதுக்குப் பின்னாடி சின்ன சவுரிய சுருட்டி, வலை போட்டு, ரெண்டு பக்கமும் கொண்டை ஊசி குத்தி உக்கார வைங்க. வேர்ல மட்டும் ரெண்டு தடவ சீப்பை உள் பக்கமா இறக்குங்க, மூணாவது வேணாம். அப்புறம் முன்னாடி போட்ட முடிய சவுரிக்கு மேல போர்வை மாதிரி மூடி, மேலாப்புல மட்டும் வாரி விடுங்க. அழுத்தி வாரினா எல்லாம் படுத்துடும். வெளிய தெரியிற முடி வழவழன்னு இருக்கணும், சிக்கெல்லாம் உள்ள.

கலைக்கும்போதுதான் எல்லாரும் அழுவாங்க. நானே சின்ன வயசுல எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு அரை டப்பா ஸ்ப்ரே அடிச்சு, ராத்திரி தூக்கக் கலக்கத்துல வேர்ல இருந்து சீப்பைப் போட்டு இழுத்து ஒரு கொத்து கையோட வந்துடுச்சு, ஆறு மாசம் அந்த இடத்த மறைச்சே வகிடு எடுத்தேன். ஊசியெல்லாம் எடுத்துட்டு கண்டிஷனரை அள்ளிப் பூசி பத்து நிமிஷம் ஊற விட்டு, நுனியில இருந்து மேல மேல வாங்க, முதல்ல விரல், அப்புறம்தான் அகலப் பல் சீப்பு.

டெய்லர்கிட்ட "அறுபதுகள் மாடல்"னு சொன்னா பஃப் கை வச்சுக் குடுத்துட்டார். என்னன்னு சொல்லணும்? எனக்கு மார்பு கொஞ்சம் பெருசு.

மாடல் பேரே சொல்லாதீங்க, அளவு சொல்லுங்க. கை முழங்கைக்கு ரெண்டு இஞ்ச் மேல நிக்கணும், சுருக்கம் இல்லாம ஒட்டி வரணும், ஆனா கைய மடக்கினா வலிக்கக் கூடாது, அதை அங்கயே போட்டு மடக்கிப் பாருங்க. முன் கழுத்து மூணு மூணரை இஞ்சுக்கு மேல இறங்க வேணாம். ஹூக் பின்னாடி. முன்னாடி ஹூக் பட்டி வந்தா அந்தக் கழுத்துக் கோடு நடுவுல உடைஞ்ச மாதிரி ஆயிடும்.

ஆனா தோள் வரைக்கும் அகலமா போற போட் நெக் உங்களுக்கு வேணாம்னுதான் சொல்வேன். ஆட்ரி ஹெப்பர்னுக்கு அது பொருந்தினதே அவங்க அவ்வளவு ஒல்லின்றதாலதான், காறை எலும்பு துருத்தறதை அது மறைச்சுச்சு. உங்களுக்கு மறைக்க எலும்பு இல்ல, மார்புதான் இன்னும் அகலமா தெரியும். முன்னாடி கொஞ்சம் இறங்கின யூ கழுத்து, கிராஸ் கட், முதுகு ஆழமா வச்சு ஒரு நாடா. அதுவும் அந்தக் காலத்து சாமான்தான்.

புடவை ஜார்ஜெட் இல்ல ஷிஃபான். விறைப்பா நிக்கிற காட்டன்ல அந்த வளைவு வராது. கொசுவம் சின்னச் சின்னதா, பாவாடை ஒட்டினாப்புல, இப்ப கடையில புடவைக்குன்னே ஷேப்வேர் விக்கிறாங்க அது போதும். ஹிந்தி நடிகை மும்தாஜ் பிரம்மச்சாரி படத்துல, 1968ல, ஒரு ஆரஞ்சுப் புடவை கட்டி ஆடுவாங்களே, உடம்ப சுத்தி அடுக்கடுக்கா, அது பானு அதையா டிசைன். பின்னாடி காந்தி படத்துக்காக ஆஸ்கர் வாங்கினாங்களே அதே அம்மா. அந்தக் கட்டு கல்யாண ரிசப்ஷனுக்கு ஓகே, பஸ்ல ஏற முடியாது.

நான் நல்ல கருப்பு. அந்த வெளிறின லிப்ஸ்டிக் போட்டா நோயாளி மாதிரி இருக்கேன்.

நீ இல்லம்மா, அந்தக் கலர்தான் நோயாளி. அந்தக் காலத்துல பேன்கேக்னு கெட்டி மேக்கப் அப்பி எல்லாரையும் ஒரே நிறமாக்கினாங்க, அத மட்டும் அங்கயே விட்டுட்டு வந்துடலாம். வெளிறின உதடுன்னா உன் உதட்டை விட ஒரு படி லேசான கலர்னுதான் அர்த்தம், வெள்ளைக்காரியோட உதட்டை விட இல்ல. கேரமல், செங்கல், காபி கலந்த ரோஸ் எடு, ஓரத்துல கொஞ்சம் டார்க்கா பென்சில் போட்டு உள்ள தேய்ச்சு விட்டுடு. டான்யேல் லூனான்னு தேடிப் பாரு, 1966 மார்ச்ல பிரிட்டிஷ் வோக் அட்டைல வந்த முதல் கருப்பின மாடல், கண்ண மட்டும் காட்டி நிக்கும் அந்தப் பொண்ணு. சுப்ரீம்ஸ்னு ஒரு அமெரிக்கப் பாட்டுக் குழு, அந்தப் பாடகிங்க மூணு பேரையும் பாரு, மை, கொண்டை, மினுமினுக்கிற கவுன்னு. நமக்கு அவங்கதான் சரியான பாடம்.

ஆம்பளைங்களுக்கு ஒண்ணும் இல்லயாக்கா?

இருக்கு தம்பி. காலர் இல்லாத கோட்டு, 63ல பீட்டில்ஸ் போட்டது. மெல்லிசான டை, கணுக்கால்ல நிக்கிற ஒட்டின பேண்ட். பெல் பாட்டம் வேணாம், அது அடுத்த பத்து வருஷம்.

ஆபீஸுக்கு புடவை கட்ட முடியாது. குர்த்தில இந்த ஸ்டைல் கொண்டு வரலாமா?

தாராளமா. இடுப்புல பிடிக்காம தோள்ல இருந்து நேரா இறங்குற குர்த்தி, ஒரே கலர் இல்லன்னா பெரிய பெரிய கட்டம். 1965ல பிரெஞ்சு டிசைனர் ஈவ் செயின்ட் லாரன்ட், மாண்ட்ரியன்ற ஓவியரோட ஓவியத்தை கவுனாக்கினார்ல, வெள்ளைல கருப்புக் கோடு, சிவப்பு நீலம் மஞ்சள் கட்டம், அந்த மாதிரி. துப்பட்டா போட்டுடாதீங்க, கட்டமெல்லாம் மறைஞ்சிடும். வயித்துப் பக்கம் சதை இருக்கிறவங்களுக்கு இதவிட நிம்மதியான டிரஸ் கிடையாது, அனுபவத்துல சொல்றேன்.

பாட்டியோட 1964 கல்யாணப் பட்டு என்கிட்ட இருக்கு. தங்கச்சி கல்யாணத்துக்கு அதையே கட்டி அந்தக் கால மாதிரி போகணும்னு ஆசை, ஆனா மடிப்புல விரல் வச்சாலே விட்டுப் போகுது.

கட்டாதீங்க. ஒரே மடிப்புல வருஷக்கணக்கா கிடந்தா ஜரிகை அங்கயே பட்டை அறுத்துடும், கொசுவம் வச்சு உக்காந்து எந்திரிச்சா சாயந்தரத்துக்குள்ள ரெண்டா வரும். அயர்ன் வேணாம், டேப் ஒட்டவும் வேணாம். நிழல்ல ஒரு மணி நேரம் காத்தாட விரிச்சுட்டு, மடிப்பை மாத்தி பழைய மல் துணியில சுத்தி வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவ மடிப்பு மாத்தணும். முந்தானையும் பார்டரும் கெட்டியா இருந்தா அதை மட்டும் எடுத்து அதே கலர் புதுப் பட்டுல வச்சுத் தைக்கலாம், அடியில வலைத்துணி கொடுத்து.

கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டியோட அந்தக் கல்யாண போட்டோவ எனக்கு ஒரு தடவ அனுப்புங்க. கொண்டை எந்த உயரத்துல இருக்கு, பூ எந்தப் பக்கம் வச்சிருக்காங்கன்னு பார்த்துட்டு சொல்றேன். முகம் அவங்க சாயலா இருந்தா வேற யாரையும் தேடவே வேணாம்.